மேசைக்கு அந்தப் பக்கம் ஓரகத்தி

பள்ளிச் சீருடை தைத்துத் தைத்தே தையல்காரம்மாவின் வலது தோள் இறுகிப்போயிருந்தது. கையைத் தலைக்கு மேல் தூக்கினால் உயிர் போகும். "மாத்திரை ஒரு பக்கம் இருக்கட்டும், ஏதாவது விளையாடுங்க," என்று டாக்டர் சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஐம்பது வயதில் விளையாட்டா?

ஆனாலும் ஒரு சனிக்கிழமை காலை தெருமுனை விளையாட்டு அரங்குக்குப் போனாள். இருபது வருடமாகக் கடந்துபோன கட்டடம்; உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. மூன்று டேபிள் டென்னிஸ் மேசைகளில் இரண்டில் ஆட்டம் மும்முரமாக நடந்தது. மூன்றாவதில் ஒருத்தி மட்டையோடு தனியாக நின்றாள். அவளைப் பார்த்ததும் திரும்பிவிடலாம் போலிருந்தது.

கொழுந்தனின் மனைவி. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மாமியார் படுத்த படுக்கையாகக் கிடந்த மாதங்களில், யார் எத்தனை நாள் பார்த்துக்கொண்டார்கள் என்ற பேச்சு முற்றி, "நீங்க தையல் மெஷினைத்தானே பார்த்துக்கிட்டீங்க," என்று அவள் ஒரு வார்த்தை விட்டுவிட்டாள். அதோடு பேச்சுவார்த்தை நின்று மூன்று வருடம்.

அரங்கைப் பார்த்துக்கொள்பவருக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? "நல்லவேளை, அவங்களும் ஆள் இல்லாம நிக்கிறாங்க," என்று மட்டையைக் கையில் திணித்தார். "சர்வ் போடுறவங்க ஸ்கோரைச் சத்தமாச் சொல்லணும், சரியா?"

முதல் பத்து நிமிடம் பந்தைப் பொறுக்கியதுதான் மிச்சம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஆனால் ஸ்கோரை யாராவது சொல்லியாக வேண்டுமே.

"நாலுக்கு ரெண்டு," என்றாள் தையல்காரம்மா, வலையைப் பார்த்து.

"மூணுக்கு மூணு. போன பந்து விளிம்புல பட்டுச்சு."

"எங்க பட்டுச்சு? வெளியதான் போச்சு."

"பட்டுச்சுக்கா!"

பழைய 'அக்கா' வாய் தவறி வந்துவிட்டது.

"சரி, மூணுக்கு மூணு," என்றாள் தையல்காரம்மா.

பிறகு சனிக்கிழமை தவறாமல் வந்தார்கள். இரண்டாவது மாதம் தோள் இளகியது. பேச்சு மட்டும் ஸ்கோரைத் தாண்டவில்லை.

ஒரு நாள் தண்ணீர் குடிக்க உட்கார்ந்தபோது, இளையவள் மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி சொன்னாள்: "அத்தைக்குக் கழுவிவிட எனக்கு அருவருப்பா இருந்துச்சுக்கா. ஊர் ரத்தத்தையெல்லாம் எடுக்கிறேன், அது மட்டும் முடியல. அந்தக் கோபத்தைத்தான் உங்க மேல காட்டிட்டேன்."

தையல்காரம்மா தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகி மூடினாள். அவசர ஆர்டர் என்று சாக்குச் சொல்லி அந்த நாட்களில் தானும் மெஷினுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"நீ சொன்னது பொய்யில்லடி," என்றாள் கடைசியில். "அதனாலதான் அவ்வளவு வலிச்சுது."

மேசைக்கு வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள். இருவரும் வெளியே வந்து, எப்போதும் பிரிகிற மூலையில் பிரியாமல், இன்னும் ஒரு தெரு சேர்ந்தே நடந்தார்கள்.