தலைகீழ் இங்கிலீஷ் கமலக்கண்ணன்

நேராகப் பேசினால் நாக்கு அழுகிவிடும் என்று கமலக்கண்ணனுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். நாகல் நகரில், ஒரு பூட்டுக்கடை மாடியில் பதினாறு வருஷம் ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர் நடத்தினான். 'நான் பார்த்ததே இல்லை' என்பதற்கு ஊர் உலகம் 'ஐ ஹேவ் நெவர் சீன்' என்றால், இவன் 'நெவர் ஹேவ் ஐ சீன்' என்பான். நேராக வந்தால் அது கூலிக்காரன் இங்கிலீஷாம், தலைகீழாக வந்தால்தான் துரை இங்கிலீஷாம். யார் சேர்ந்தாலும் முதல் நாள் வெற்றிலை பாக்கு வைத்து, அப்படியொரு வாக்கியத்தைப் பதினோரு தடவை சொல்ல வைப்பான். பஸ்ஸுக்கு வழி கேட்கக்கூட ஒருவருக்கும் வராது. ஒவ்வொருவராக நின்றுபோய், போன மாதம் சென்டரையும் மூடியாயிற்று. த்தூ, பீற்றலுக்கு மட்டும் குறைச்சலில்லை.

மனைவி ஸ்ரீமதிதான் தையல் மிஷினை மிதித்துக் குடும்பத்தை ஓட்டினாள். சாணார்பட்டிப் பக்கம் ஒரு புதுப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை இருப்பதை விசாரித்து வந்தவளும் அவள்தான். ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். இதுவும் தவறினால் இந்த மனுஷனை இனி எவனும் சீந்த மாட்டான் என்று அவளுக்குத் தெரியும்.

"ஏங்க, சின்னப் பிள்ளைக. காலைல என்ன சாப்டீகன்னு கேளுங்க, அம்புட்டுத்தான்."

"உனக்கென்னடி தெரியும்?" என்றான் மகா பண்டிதன்.

ஸ்ரீமதி பள்ளிக்கூட வராந்தாவில் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தாள். தலைமையாசிரியை செபாஸ்தியம்மாள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கமலக்கண்ணன் டையை இழுத்துவிட்டு, "நெவர் ஹேவ் ஐ சீன் சச் சில்ட்ரன்!" என்று முழங்கினான். பிள்ளைகள் திருதிருவென்று முழித்தன. முன்வரிசையில் ஒரு சின்னப் பொண்ணு எழுந்து, "சார், ஐ வான்ட் டாய்லெட்" என்றது.

அதை விட வேண்டாமா? 'பேட்லி டூ ஐ வான்ட்' என்று தலைகீழாகத் திருத்தி, பதினோரு தடவை சொல்லச் சொல்லி நிறுத்தி வைத்தான். நான்காவது தடவையில் குழந்தை நின்ற இடத்திலேயே ஒன்றுக்குப் போய்விட்டது.

செபாஸ்தியம்மாள் எழுந்து வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டார். "நீங்க கிளம்பலாம்" என்றார்.

பஸ்ஸில், "பள்ளிக்கூடமே தரமில்ல" என்றான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

ஸ்ரீமதிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "அந்தப் பச்சப்பிள்ள நேராக் கேட்டுச்சு. நானும் நேராவே கேக்குறேன். வேல கெடச்சுச்சா, கெடைக்கலையா?"

"நெவர்..." என்று தொடங்கியவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"கெடைக்கல" என்றான்.

"நாளைல இருந்து என் மிஷின் பக்கத்துல உக்காந்து பட்டன் தைங்க" என்றாள் ஸ்ரீமதி. "அதுக்கு வாயத் தொறக்க வேணாம்."