யாருமே வரவில்லை என்று சொன்னேன்

நான் சபை சபையாகப் போய்ப் பொய்ச்சாட்சி சொல்லிக்கொண்டிருப்பவன். ஆறு வருடங்களாக... மைக்கைக் கையில் பிடித்து, கண்ணீரோடு!

அவசரப்பட்டு எழுந்து போய்விடாதீர்கள். என் சாட்சியில் பாதி சத்தியம். அந்தப் பாதியால்தான் மீதியையும் நீங்கள் நம்பினீர்கள்.

குடித்துவிட்டு மோட்டார் சைக்கிள் ஓட்டி, கால்வாயில் விழுந்து, வலது காலை நொறுக்கிக்கொண்டேன். மனைவி அதற்கு முன்பே பிள்ளைகளோடு போய்விட்டாள். பத்து காஜா ஊர் ஆஸ்பத்திரியில் மூன்றாவது வாரம், ஒரு பிற்பகல். பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்க வந்த போதகர் எனக்கும் சேர்த்து ஜெபித்தார். அப்போது யாரோ என்னைப் பார்ப்பதை உணர்ந்தேன்... என் அசிங்கம் எல்லாம் தெரிந்தும் முகம் சுளிக்காத பார்வை! விம்மி அழுதேன். அன்று விட்ட குடிதான், இன்றுவரை தொடவில்லை. இதில் ஓர் எழுத்துகூட நான் கூட்டிச் சொல்லவில்லை.

ஆனால் மேடையில் நான் சேர்ப்பது என்ன? "ஆஸ்பத்திரியில என்னைத் தேடி யாருமே வரலை. கர்த்தர் ஒருத்தர்தான் வந்தார்!"

யாருமே வரவில்லையா? என் அண்ணன் தினமும் வந்தாரே! ஈப்போவில் இராத்திரிக் காவல் வேலை முடித்து, தூங்காத கண்களோடு வந்தார். போதகர் ஜெபித்த அந்த நேரத்தில்கூட என் மலத்தைத் துடைத்துக்கொண்டிருந்தது அவர்தான். என்னைப் பார்த்த அன்பு எந்தக் கையால் என்னைத் தொட்டது என்பதை நான் மறைத்துவிட்டேன்.

ஏன் மறைத்தேன்? அண்ணன் நெற்றி நிறைய விபூதி பூசுகிறவர். தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்த பிறகும், எங்கள் பழைய ரப்பர் தோட்டத்து முனியாண்டிக்கு வெள்ளிதோறும் விளக்கேற்றுகிறவர். அவரைச் சாட்சிக்குள் கொண்டுவந்தால் ஆண்டவரின் மகிமை குறையுமே என்று பயந்தேன்... அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதைவிடக் கேவலமானது. முதல் தடவை "யாருமே வரலை" என்றபோது சபையே அழுதது. அது எனக்குப் பிடித்துப்போயிற்று!

இன்னும் கேளுங்கள். இந்தக் காலை வைத்துக்கொண்டு என்னால் மோட்டார் ஓட்ட முடியாது. எந்தச் சபை கூப்பிட்டாலும் என்னை ஏற்றிக்கொண்டு போவது அண்ணன்தான். நான் உள்ளே நாதியற்றவனாக அழுவேன். அவர் எதிர்க்கடையில் பாலில்லாத தே ஓ குடித்தபடி காத்திருப்பார்.

போன மாதம் செமோர் சபையில் பேசியபோது நல்ல மழை. அண்ணன் ஒதுங்க இடமில்லாமல் உள்ளே வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு பேசுகிற எனக்கு அது தெரியவில்லை. முடிந்ததும் வாசலில் கேட்டார்.

"யாருமே வரலன்னு சொன்னியே தம்பி... அப்ப நான் யாருடா?"

நான் குனிந்து செருப்பை மாட்டினேன்.

"பரவால்ல லா. மழை வுட்டுருச்சு. ஏறு, போலாம்."

அவர் கோபப்பட்டிருக்கக் கூடாதா? பாதி வழியில் இறக்கிவிட்டுப் போயிருக்கக் கூடாதா? எனக்குத்தான் எரிச்சல்! அண்ணன்மேல், என்மேல்... ஏன், ஆண்டவர்மேலும்தான்! என் குடியை ஒரே பிற்பகலில் எடுத்துப்போட்டீரே ஆண்டவரே, இந்த நாக்கை மட்டும் ஏன் அப்படியே விட்டுவைத்தீர்?

போன ஞாயிறு பாகான் செராய் சபையில் திருத்திச் சொல்லிவிடுவது என்றுதான் எழுந்தேன். "என் அண்ணன்..." என்று தொடங்கியும் விட்டேன். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. முன்வரிசையில் ஓர் அம்மா கண்ணைத் துடைக்கக் கைக்குட்டையை எடுத்துவிட்டார்.

"என் அண்ணன்கூட வரலை" என்று முடித்தேன்!

வெளியே வந்த பிறகுதான் பார்த்தேன். கூட்டம் அதிகமென்று வாசலிலும் ஒரு ஸ்பீக்கர் வைத்திருந்தார்கள். அதற்கு நேர்கீழே மோட்டாரை நிறுத்திக்கொண்டு அண்ணன் நின்றிருந்தார்.

ஹெல்மெட்டை என் தலையில் மாட்டி, கழுத்து வாரைப் பூட்டிவிட்டார். வீட்டு வாசலில் இறக்கிவிடும்போது மட்டும் கேட்டார்.

"அடுத்த வாரம் எத்தன மணிக்கு வரட்டும்?"

ஒன்பது மணிக்கு என்றேன்.