இரண்டு கட்டத்துக்குள் எழுதிய வயது

"4.3.1986, செவ்வாய். மேல்மாடிக்காரரின் படிவம். நாளுக்கு எத்தனை சிகரெட்? ஐந்து என்கிறார். பொய்."

என் குறிப்பேட்டில் இப்படித்தான் இருக்கிறது. கோப்பன்ஹேகனில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் ஊர் ஜிப்சி என்று சொல்லும் ரோமா இனக் குடும்பம் ஒன்று இருந்தது. யூகோஸ்லாவியாவிலிருந்து வேலைக்கு வந்து பதினைந்து வருடத்துக்கு மேல். குடும்பத் தலைவருக்கு டேனிஷ் பேச வரும், எழுத வராது. வந்து ஒரு வருடமே ஆன எனக்கு எழுத வரும், பேசினால் மேல்மாடிக்காரரைத் தவிர ஒருவருக்கும் விளங்காது. மரக்கறிக் கிடங்கில் பெட்டி தூக்கும்போது இரண்டு தடவை அவருக்கு நெஞ்சு இறுகியிருந்தது. வைத்தியரிடம் போனபோது, நிரப்பிக்கொண்டு வரச் சொல்லி நான்கு பக்கப் படிவம் கொடுத்துவிட்டார்கள், எழுதத் தெரியாத மனிதருக்கு. ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதா, மருந்துக் குளிசையோடு வீட்டுக்கு அனுப்புவதா என்பது அதைப் பார்த்துத்தான் முடிவாகும். அவருடைய மனைவி அதைக் கொண்டுவந்து என் கையில் திணித்து, மேலே கூட்டிப்போனார்.

நான் எழுத உட்கார்ந்ததிலிருந்து கணவர் ஒன்றன்பின் ஒன்றாகச் சிகரெட் பற்றவைத்தார்.

"அண்ணை, இது நாலாவது."

"இது உனக்காகப் பத்துறது. விருந்தாளியோட பத்துறதை ஆரும் எண்ணுவினமோ?"

"நான் பத்துறேல்லையே."

"நான் நீட்டினனான். நீ வாங்கேல்லை. அதுக்கு நான் என்ன செய்ய?"

அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது: "தம்பி, இந்த வீட்டில விருந்தாளி இல்லாத நாளே இல்லை. அதையும் எழுது."

அதை எழுத இடமில்லை. கொழுப்பு இறைச்சிக் கேள்விக்கும் இதே கணக்குத்தான். ஞானஸ்நானத்திலும் கலியாணத்திலும் தின்றது சாப்பாட்டில் சேராதாம். பிறந்தநாள் வீட்டில் தின்ற ரோல்ஸை எங்கள் தமிழ் ஆட்களும்தான் சேர்ப்பதில்லை. ஆனாலும் எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. ஒருவர் சொன்னதை மாற்றி எழுதுவது என் வழக்கமில்லை. ஐந்து என்றே எழுதினேன். மூன்றாம் பக்கம் முடிந்தபோது, அந்தப் படிவத்தின்படி அவர் என்னைவிட ஆரோக்கியமானவர். நிச்சயம் வீட்டுக்குத்தான் அனுப்புவார்கள்.

கடைசிப் பக்கத்தில் தகப்பனைப் பற்றிக் கேட்டிருந்தது.

"அப்பா எதால செத்தவர்?"

"தங்கச்சியின்ர கலியாணத்தில. ஆடிப்போட்டு வந்து கதிரையில இருந்தவர். அவ்வளவுதான்."

"வருத்தம்?"

"ஒரு வருத்தமுமில்லை. நல்லாத்தான் ஆடினவர்."

"அப்ப எத்தினை வயசு?"

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி யோசித்துவிட்டு, "மீசை நரைக்கேல்லை எண்டு மாமி சொல்லுவா," என்றார்.

பாஸ்போர்ட்டுகளைக் கேட்டேன். வீட்டிலுள்ள எல்லோரும் ஜனவரி முதலாம் திகதி பிறந்திருந்தார்கள். மூத்த அக்காவின் வயது என்ன, தகப்பன் கலியாணம் முடிக்கும்போது எத்தனை, தங்கையின் கலியாணம் இவர் பட்டாளத்துக்குப் போக முன்னமா பின்னமா என்று ஒரு மணித்தியாலம் மல்லுக்கட்டினேன். ஒவ்வொரு பதிலும் முந்தின பதிலை வெட்டியது. முடிவில் என் கணக்குக்கு நாற்பத்தைந்து வந்தது. படிவத்தில் இரண்டு கட்டங்கள்தான் இருந்தன. "ஏறக்குறைய" என்று எழுத இடம் விடவில்லை. காரணம் என்ற இடத்தில் "இதயம்" என்றும் கட்டங்களில் 45 என்றும் எழுதினேன்.

வெள்ளிக்கிழமை அவர்களோடு நானும் போனேன். "இவர்களிடம் ஒழுங்கான பதில் வாங்கவே முடியாது," என்று தாதி என்னிடம் சொன்னார், நான் வேறு இனம் என்ற துணிவில். நீங்கள்தான் ஒழுங்கான கேள்வி எழுதத் தெரியாதவர்கள் என்று சொல்ல எனக்கு டேனிஷ் போதவில்லை. வைத்தியர் ஐந்து சிகரெட்டைத் தாண்டிப் போனார். தகப்பனின் நாற்பத்தைந்தில் நின்றார்.

"இது நிச்சயமா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

ஓம் என்றேன்.

அன்று பின்னேரமே அவரை ஆஸ்பத்திரியில் மறித்து வைத்துக்கொண்டார்கள். இதயத்துக்குப் போகும் குழாய் ஒன்று ஏறக்குறைய அடைபட்டிருந்ததாம். மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு வந்தார்.

அந்தக் கோடையில் மூத்த அக்கா வந்தபோது தகப்பனின் வயதைக் கேட்டேன். முதலில் அறுபது என்றார், கோப்பி குடித்த பிறகு நாற்பது என்றார். ஊர்ப் பிறப்புப் பதிவேடு உலகப் போரில் எரிந்துவிட்டதாகவும் சொன்னார். அதையும் நான் பார்க்கவில்லை. அந்த மனிதர் எத்தனை வயதில் இறந்தார் என்பதை இன்றுவரை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.