ஓதி ஊதி அனுப்புதல்

இந்த நாட்டில் கைக்குழந்தைகளை வெளியில்தான் தூங்க வைக்கிறார்கள். பனி கொட்டும் மாதத்தில், பார்னஹாகெ என்று நோர்வேக்காரர் சொல்லும் பாலர் பாடசாலையின் சுவரோரம் தள்ளுவண்டிகள் வரிசையாக நிற்கும். வண்டிக்குள் பிள்ளைகள் நல்ல நித்திரை. பக்கத்தில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். எங்கள் ஊர் கிண்ணியாவில் இதைச் சொன்னால் என்னைத்தான் ஒருமாதிரிப் பார்ப்பார்கள். பொழுது சாயும் மஃரிப் நேரத்தில் பிள்ளையின் தலையை மூடாமல் முற்றத்தைக்கூடக் கடக்காத ஆட்கள் நாங்கள். யாரை நம்பி இப்படி விடுகிறார்கள் என்று முதல் குளிர்காலம் முழுக்க எனக்கு ஆத்திரமாக வந்தது.

அவர்களுக்கு நான் விநோதம். ஐந்து வயது மகள் சஹ்லாவை அங்கே விடும்போது, வாசலில் குனிந்து ஆயத்துல் குர்ஸி என்ற குர்ஆன் வசனத்தை ஓதி அவள் உச்சியில் மூன்று தரம் ஊதுவேன். பிறகு அவள் சப்பாத்தைக் கழற்றி உள்ளே ஓடும்வரை கண்ணாடிக்கு வெளியே நிற்பேன். ஒரு வாரம் இதைப் பார்த்த ஆசிரியை மரீத், வெப்பமானியோடு வந்தார்.

“பிள்ளைக்குக் காய்ச்சலா? ஊதி ஆற்றுகிறீர்களே?”

“இல்லை, இது பிரார்த்தனை” என்றேன், என் அரைகுறை நோர்வே மொழியில்.

மரீத் மரியாதையாகத் தலையாட்டினார். ஆனாலும் காதில் வைத்து அளந்து பார்த்துவிட்டுத்தான் சஹ்லாவை உள்ளே விட்டார்.

எங்கள் உம்மாவும் இப்படித்தான் ஊதி அனுப்புவா. அப்போது கிண்ணியாவுக்குப் பாலம் வரவில்லை. திருகோணமலையில் வகுப்புக்குப் போவதென்றால், பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறித் துறையைக் கடந்து, சோதனைச்சாவடிகளில் இறங்கி ஏற வேண்டும். திரும்பி வருவோமா என்பது யாருக்கும் நிச்சயமில்லாத யுத்த காலம். ஊதி முடித்ததும் உம்மா சமைக்கக் குசினிக்குப் போய்விடுவா. வாசலில் நின்று பார்க்கவே மாட்டா. ஏன் என்று ஒருநாள் கோபத்தோடு கேட்டேன். “அல்லாஹ்ட்டப் பொறுப்புக் குடுத்தாச்சு. பொறகு நான் எட்டி எட்டிப் பாத்தா என்ன கருத்து?” என்றா. உம்மாவிடமிருந்து ஊதுவதைப் பிடித்துக்கொண்டேன், பார்க்காமல் குசினிக்குப் போவதைப் பிடித்துக்கொள்ளவில்லை.

அதன் விளைவு போன குளிர்காலத்தில் தெரிந்தது. ஒருநாள் முதியோர் இல்லத்தில் எனக்கு விடியற்கால வேலை. கணவர் நிஸாம்தான் சஹ்லாவைக் கூட்டிப் போனார். வாசலில் அவள் நின்றுவிட்டாள். இவரும் ஓதி ஊதியிருக்கிறார். “வாப்பாட ஊத்து காணாது. உம்மா வரணும்” என்று அழுது புரண்டு, கடைசியில் வீட்டுக்கே திரும்பினார்கள்.

“நீங்க பிள்ளைக்கு அல்லாஹ்வப் படிச்சுக் குடுக்கல்ல. உங்களத்தான் படிச்சுக் குடுத்திரிக்கீங்க” என்றார் நிஸாம். வெட்கமாக இருந்தது. ஒரு மூலையில் சந்தோஷமாகவும் இருந்தது என்பதை மறைக்கமாட்டேன்.

அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. ஊரில் உம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. சத்திரசிகிச்சைக்கு நான் போக வேண்டும், மூன்று வாரம். பயணத்துக்குப் பத்து நாள் இருந்தது. அதற்குள் சஹ்லா நானில்லாமல் அந்த வாசலைத் தாண்டப் பழக வேண்டும்.

“இனி நீங்களே சொல்லுங்க மகள். பிஸ்மில்லாஹி, தவக்கல்து அலல்லாஹ். அல்லாஹ்ட பேரால போறன், அவனிட்டப் பொறுப்புக் குடுத்திட்டன்.”

“நீங்க ஊதாட்டியும் அவன் பாப்பானா?”

“ஓம்.”

“கண்ணாடியில நீங்க நிக்காட்டியும்?”

“ஓம்” என்றேன். அது எனக்கான கேள்வி. முதல் நாள் அவள் அழ அழ விட்டுவந்து, தள்ளுவண்டிகளுக்குப் பின்னால் ஒளிந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எட்டாம் நாள்தான் என்னால் நேரே வீட்டுக்கு நடக்க முடிந்தது.

உம்மாவின் சத்திரசிகிச்சை முடிந்த மறுநாள், ஆஸ்பத்திரியில் இருந்தபோது நிஸாமின் செய்தி வந்தது: “தானே ஓதினா. உள்ள போயிட்டா. திரும்பியும் பாக்கல்ல.” அல்ஹம்துலில்லாஹ் என்றேன். பிறகு அழுதேன். அது முழுக்க ஆனந்தக் கண்ணீர் என்று சொன்னால் பொய்.

சனிக்கிழமை சஹ்லா வீடியோ அழைப்பில் வந்தாள்.

“உம்மா, நீங்க போகக்குள்ள அல்லாஹ் உங்களப் பாத்தானா, எங்களப் பாத்தானா?”

“ரெண்டு பக்கமும் பாத்துக்கொண்டிரிக்கான் மகள்.”

“அவனுக்கு ஏலுமா?”

“அவனுக்கு ஏலும்.”

“உங்களுக்கு?”

“எனக்கு ஏலாது மகள்.”

அந்நேரம் கட்டிலில் இருந்து உம்மா கூப்பிட்டா. முதுகு நோகுதாம், தூக்கி இருத்த வேண்டுமாம். அதற்கு இரண்டு கையும் வேண்டும். என் வலது கையில் சஹ்லா இருந்தாள்.

“வைக்கட்டா மகள்?”

“வைங்க. நான் பொறுப்புக் குடுத்திட்டன்” என்றாள்.

தொலைபேசியைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் உம்மாவைத் தூக்கினேன். அழைப்பைத் துண்டிக்க மட்டும் மனம் வரவில்லை.