ஆஷாடத்துக்கும் ஆடிக்கும் நடுவில்

மைசூரில் காலையில் யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்பது, "திண்டி ஆய்த்தா?" என்பதுதான். பலகாரம் சாப்பிட்டாயிற்றா என்று அன்பாகத்தான் விசாரிக்கிறார்கள். கோயமுத்தூரிலிருந்து வந்த எனக்கு அந்தச் சொல் வெகுநாள் காதில் இடறியது. எனக்கு அது தீனி என்றே கேட்கும்; எங்கள் பக்கம் தீனி என்றால் மாட்டுக்கு வைப்பது. மண்டி மொஹல்லாவில் நாங்கள் மாடியில் குடியிருந்தோம். கீழே வீட்டு ஓனர் ரத்னம்மா. நான் அலுவலகத்துக்குப் படியிறங்கும்போதெல்லாம் அவர் இதைக் கேட்பார். நான் முறைத்துக்கொள்ளாமல் சிரித்துப் பழகுவதற்குள் சாந்தாமணி என்ற என் பெயரை அவர் சாந்தம்மா ஆக்கிவிட்டார்.

ஊதுபத்தி மொத்த வியாபாரம் செய்யும் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறேன். கோவைக் கிளையை மூடியபோது, வேலை வேண்டுமானால் மைசூருக்குப் போ என்றார்கள். என் கணவர் தங்கவேல் லேத் பட்டறையை அதற்கு முன்பே மூடியிருந்தார். "பொண்டாட்டி வேலைக்காக ஊர் மாத்துன ஆம்பளைன்னு எனக்கு ஒரு சிலை வெப்பாங்க" என்று சொல்லிக்கொண்டே சாமான் கட்டினார். வந்தபிறகு என்னைவிட அவருக்குத்தான் ஊர் பிடித்துப்போனது. தினமும் தேவராஜ மார்க்கெட்டுக்கு நடந்து போவார். வாங்குவது கால் கிலோ பீன்ஸாக இருக்கும். பேசுவது இரண்டு மணி நேரம். அங்கேயே கன்னடமும் கற்றுக்கொண்டார்.

ஒரு மழை நாளில் அதே மார்க்கெட் வாசலில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அறுவை சிகிச்சை முடிந்து, ஆட்டோக்காரர்கள் இரண்டு பேர் நாற்காலியில் உட்காரவைத்து அவரை மாடிக்குத் தூக்கி வந்தார்கள். அந்தப் படி குறுகலானது, செங்குத்தானது, கைப்பிடி இல்லாதது. மருத்துவர் தரைத்தள வீடு பாருங்கள் என்றார். தினம் வெளியே நடந்தால்தான் கால் பழையபடி வரும், இல்லாவிட்டால் இறுகிவிடும் என்றார். அன்றிலிருந்து இவர் கீழே இறங்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பார். ஆரம்பத்தில் போவோர் வருவோரை அழைத்துப் பேசினார். பிறகு அதுவும் குறைந்தது. எனக்குப் பயம் வந்தது அப்போதுதான்.

தேவராஜ மொஹல்லாவில் படியே இல்லாத ஒரு வீடு கிடைத்தது. அதன் ஓனர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். நல்ல நாள், கெட்ட நாள் பார்க்காதவர். மாத முடிவுக்குள் அட்வான்ஸ் தந்தால் சாவி, இல்லாவிட்டால் வேறு ஆளுக்கு என்று சொல்லிவிட்டார். எங்கள் சேமிப்பை ஆஸ்பத்திரி விழுங்கியிருந்தது. மீதமிருந்தது ரத்னம்மாவிடம் இருந்த அட்வான்ஸ் மட்டும். ஒப்பந்தமோ பதினோரு மாதத்துக்கு. பாதிகூட முடியவில்லை. முன்னதாகக் காலி செய்தால் இரண்டு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளலாம் என்றும் அதில் இருந்தது. நான் எதையும் ஒழுங்காகச் செய்கிறவள். குடிவந்த அன்றே சுவர்களைப் படமெடுத்து வைத்திருந்தேன். "எத்தனை ஆணி இருந்துச்சுன்னுகூட உனக்குத் தெரியும்" என்று இவர் கேலி செய்வார். ஆனால் ரத்னம்மா முன்னால் நின்றபோது படங்களைக் காட்டத் தோன்றவில்லை. நேராகச் சொன்னேன்.

அவர் வருத்தப்பட்டார். "அய்யோ, அவரு பாவம்" என்றார். பிறகு தனக்குத் தெரிந்த தமிழையும் கன்னடத்தையும் கலந்து, "ஆனா இனி ஆஷாடா பருத்தே சாந்தம்மா. ஆஷாடா பந்த்ரே யாரும் வராது" என்றார்.

எனக்குக் குழப்பமாகிவிட்டது. "ஆஷா யாருங்க? உங்க சொந்தமா? அவங்க வந்தா ஏன் வேற யாரும் வரமாட்டாங்க?"

ரத்னம்மா என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார், நிற்க முடியாத சிரிப்பு. உள்ளே இருந்த மகனைக் கூப்பிட்டு அதைத் திரும்பச் சொல்லிச் சிரித்தார். மகன்தான் விளக்கினான். ஆஷாடம் ஒரு மாதம். நம் ஆடியைப் போல. அதில் யாரும் புது வீடு போகமாட்டார்கள். புதிதாக ஆள் வந்து அட்வான்ஸ் கொடுத்தால்தான் என் பணம் திரும்பும். நான் கொடுத்திருந்த பணம் அவன் கடையில் சரக்காகக் கிடந்தது. கோவையில் எங்கள் பழைய ஓனர் சாவியை வாங்கிய கையோடு பணத்தைத் தந்தார். இங்கே வருகிறவரின் பணம்தான் போகிறவருக்கு. இதில் ஏமாற்று எதுவும் இல்லை; தெருவெங்கும் அதுதான் வழக்கம்.

"ஷ்ராவணா பரட்டும். கண்டிப்பா தர்றேன்" என்று ஆஷாடத்துக்கு அடுத்த மாதத்தைச் சொன்னார் ரத்னம்மா.

மாடிக்கு வந்து நாள் பார்த்தேன். அவர்கள் மாதம் அமாவாசையோடு முடிகிறது; நம் மாதம் சூரியனைப் பார்த்துப் பிறக்கிறது. அவர்களுக்கு ஆஷாடம் தீரும்போது நமக்கு ஆடி நடுவில் நிற்கும். ஆடியில் நான் பால் காய்ச்சமாட்டேன். அவர்கள் கதவு திறக்கும்போது எங்கள் கதவு மூடியிருக்கும். அதற்குள் ஆசிரியர் வீடு போய்விடும்.

மறுநாள் ரத்னம்மா சட்னி கொண்டுவந்தார். பேச்சு மறுபடியும் ஆஷாடத்துக்கே போனது. கல்யாணமான முதல் வருஷம் ஆஷாடத்தில் மருமகளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். மாமியாரும் மருமகளும் ஒரே வாசலைத் தாண்டக் கூடாதாம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான், ஆடியில் என்னை அனுப்பினார்கள் என்றேன். சிங்காநல்லூரிலிருந்து இவர் ஏதாவது சாக்குச் சொல்லி சைக்கிளில் வந்துவிடுவார். போன வாரம் மறந்த குடையை எடுக்க இந்த வாரம் வருவார். "நம்மோரு தபால்காரர்கிட்ட பூ அனுப்பிச்சாரு!" என்று தன் கணவரைச் சொல்லி ரத்னம்மா வாயைப் பொத்திக்கொண்டார். கட்டிலில் இருந்த இவர், "குடை என்னோடது இல்லீங்க, அது மாமனாரோடது" என்றார். பல நாட்களுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த வேடிக்கை அது.

அந்தச் சிரிப்பினூடேதான் எனக்குப் பொறி தட்டியது. ஆஷாடம் பிறந்தாலும் நமக்கு இன்னும் ஆனிதானே? ஆனியும் ஆகாது என்பவர்கள் உண்டு. பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்தில் வாடகைக்காரர்கள் அதைப் பார்க்க முடிவதில்லை. ஆஷாடம் பார்க்காத ஒரு தமிழ்க் குடும்பம் போதும்.

எங்கள் குடோனில் பழனிச்சாமி இருக்கிறார். கொள்ளேகால் பக்கத்துத் தமிழர், தினம் பஸ்ஸில் வந்து போகிறவர். மகளை இங்கே கல்லூரியில் சேர்த்திருந்தார். கேட்டேன்.

"வீடு தேடிட்டேதான் இருக்கறனுங்க அக்கா. மாடின்னா என்னங்க, எங்களுக்குக் காலு நல்லாத்தான இருக்குது" என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "அண்ணனைச் சொல்லலீங்க."

"ஆஷாடம் பொறக்குதே, பரவாயில்லையா?"

"அது அவங்களுக்குங்க. எங்கூட்ல ஆடிதான் கணக்கு. ஆடிக்கு முன்னால பால் காச்சிப்போடோணும்னு எங்கூட்டுக்காரியே ஒத்தக் கால்ல நிக்கறா."

ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு வந்து பார்த்தார். பிடித்துவிட்டது. இனி ரத்னம்மா சம்மதிக்க வேண்டும். தன் வீட்டில், தனக்கு ஆகாத மாதத்தில், புது அடுப்பு எரியவிட வேண்டும்.  தங்களுக்கு ஆஷாடம் கிடையாது என்று பழனிச்சாமியின் மனைவி கன்னடத்தில் சொன்னார். ரத்னம்மா மாடி ஜன்னலை நிமிர்ந்து பார்த்தார்.

"பரோரிகே ஆஷாடா இல்ல அந்த்ரே, நனகேனு?" என்றார். வருகிறவர்களுக்கு ஆஷாடம் இல்லையென்றால் எனக்கென்ன என்பது அதன் பொருள். "ஆனா நான் பால் குடிக்க மாடிக்கு வரல்ல. கீழே அனுப்பு, ஷ்ராவணாவில குடிக்கிறேன்" என்றார்.

"அதுக்குள்ள தயிராயிருங்களே அம்மா" என்றார் பழனிச்சாமி.

அவர் கொடுத்த பணம் அன்று மாலையே என் கைக்கு வந்தது. சுவருக்கு வண்ணமடிக்க ரத்னம்மா ஒரு மாத வாடகையை எடுத்துக்கொண்டார், அது வழக்கம். இரண்டு மாதப் பிடித்தத்தைப் பற்றி நானே கேட்டேன். வீடு ஒரு நாள்கூடக் காலியாக இருக்கப்போவதில்லை, பிறகு எதற்கு என்றார். நான் எடுத்த சுவர்ப் படங்களைப் பற்றி அவருக்கு இன்றுவரை தெரியாது.

பழனிச்சாமியும் ஓர் ஆட்டோக்காரரும் இவரை நாற்காலியில் இறக்கினார்கள். ரத்னம்மா ஆட்டோ அருகில் வந்து நின்று கண்ணைத் துடைத்தார். நான் வேண்டுமென்றேதான், போகிறேன் என்று சொல்லாமல் வருகிறேன் என்றேன்.

புது வீட்டில் வாசலைத் தாண்டினால் தெரு. ஊன்றுகோலோடு முதலில் மின்கம்பம் வரை போனார். பிறகு மளிகைக் கடை வரை. நேற்று மாலை என் தோளைப் பிடிக்காமல் பெரிய சாலை வரை வந்துவிட்டார். சிக்னலில் கோயமுத்தூரிலிருந்து வந்த பஸ் நின்றது. ஜன்னலில் ஓர் அம்மா, மடியில் பையோடு, இவரை உள்ளூர்க்காரர் என்று நினைத்து, தெரிந்த கன்னடத்தைக் கூட்டி, "பஸ் ஸ்டாண்டு எல்லி?" என்று கேட்டார்.

"இன்னூ ஸ்வல்ப முந்தே" என்று இவரும் சட்டென்று கன்னடத்திலேயே சொன்னார். அந்த அம்மாவுக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை. அவர் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். சிக்னல் விழுந்து பஸ் நகர்ந்தது. அப்போதுதான் இவருக்கு உறைத்தது. ஊன்றுகோலை உயர்த்திக்கொண்டு நாலடி பஸ்ஸின் பின்னாலேயே எட்டிவைத்து, தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்:

"இன்னும் கொஞ்சம் முன்னாலதானுங்கம்மா, இங்க எறங்கீராதீங்க!"