பெரிய ஜெனரேட்டரை இழுத்த வாரம்

ஒரகடம் மேம்பாலத்தின் பாதி ஏற்றத்தில் என் பிக்கப் நின்றுபோனது. பின்னால் கொக்கியில் புது ஜெனரேட்டர். அதற்குப் பின்னால் ஷிப்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் கம்பெனி பஸ், அதற்கும் பின்னால் லாரிகள். ஹாரனில் வைத்த கையை யாரும் எடுக்கவில்லை.

பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "யோவ், இழுக்க முடியலன்னா இன்னாத்துக்குய்யா மாட்டிகினு வர்ற? எறங்கி நீ இழு, அது உன்ன தள்ளட்டும்!"

பஸ்ஸுக்குள் சிரித்தார்கள். எனக்குச் சொல்ல வேண்டியது எப்போதும் தொண்டை வரைக்கும் வரும், அங்கேயே நின்றுவிடும். போக்குவரத்துக் காவலர் வந்து வண்டிகளை ஒதுக்கிக் கொடுத்தார். ஜெனரேட்டரை ரிவர்ஸிலேயே கீழே இறக்கினேன். இறங்கியபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

இந்தப் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் பல வருஷம் காண்ட்ராக்டில் அசெம்பிளி லைனில் நின்றவன் நான். வயது நாற்பதைத் தாண்டியதும் என்னை மறுபடி எடுக்கவில்லை. கையில் வந்ததைப் போட்டு இந்தப் பழைய பிக்கப்பை வாங்கினேன். மண்ணூரில் ஒருவர் சக்கரம் வைத்த ஜெனரேட்டர்களை வாடகைக்கு விடுகிறார். கம்பெனிக்கோ மண்டபத்துக்கோ அதை இழுத்துக்கொண்டு போய் விடுவதும், முடிந்ததும் திரும்ப இழுத்து வருவதும்தான் என் வேலை. வேறு வேலை எனக்கு இல்லை.

அவர் சின்ன ஜெனரேட்டரை விற்றுவிட்டுப் பெரியதாக ஒன்று வாங்கினார். அதை முதல் நாள் இழுத்துத்தான் மேம்பாலத்தில் நின்றேன். யார்டுக்குத் திரும்பி வந்ததும் அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

"வெள்ளிக்கெழம அந்த ஒரகடம் கம்பெனில கரண்ட் ஷட்டவுன். மெஷின் போயே ஆவணும். அதுக்குள்ள வண்டிய ரெடி பண்ணிக்கோ. இழுத்தா உன் வேல. இழுக்கலன்னா டிராக்டருக்கு சொல்லிட்றேன். மனசுல ஒண்ணும் வச்சிக்காத, இன்னா?"

நான் தலையை ஆட்டினேன்.

இரவுச் சாப்பாட்டின்போது வீட்டில் சொன்னேன். என் மனைவி சாதத்தைப் போட்டுக்கொண்டே, "பெரிய இஞ்சினு வண்டியா வாங்கறதுக்கு இன்னா?" என்று கேட்டாள். நான் நிமிர்ந்து பார்த்ததும், "சும்மா கேட்டேன்யா, அதுக்குள்ள கண்ண உருட்டற" என்று குழம்பை ஊற்றினாள். பிறகு அவளும் சாப்பிடவில்லை.

தண்டலத்துக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையில் மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். விருதுநகர்ப் பக்கத்துக்காரர். கம்பெனி வேலைக்கென்று வந்து, சூப்பர்வைசரோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தவர். எங்களைப் போன்ற வண்டிகளுக்கு அவர்தான் கதி. குறைந்த செலவில் இழுவையைக் கூட்ட ஏதாவது வழி உண்டா என்று கேட்டேன்.

"சென்னையில லேப்டாப்ப வச்சுக்கிட்டுச் சிப்பு மாத்துறானுக. அது புது வண்டிக்காரனுக்கு. நம்ம வண்டிக்குச் சிப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஸ்க்ரூ டிரைவர்தாம்ணே" என்று சிரித்தார்.

ஏர் பில்டரைக் கழற்றித் தரையில் தட்டினார். எம்சாண்ட் லாரிகளின் பின்னாலேயே ஓடிய வண்டி. ஒரு கூடை மண் கொட்டியது. "இஞ்சின் நல்ல இஞ்சின்தான். மூச்சு முட்டிக் கெடக்கு, பாவம்." டீசல் பில்டரும் அதே கதை. டர்போவிலிருந்து போகும் ரப்பர் குழாயின் அடியில் ஒரு வெடிப்பு இருந்தது. இஞ்சினுக்குள் போக வேண்டிய காற்றில் பாதி ரோட்டுக்குப் போய்க்கொண்டிருந்ததாம். நான் பஸ் பிடித்துப் புதுப்பேட்டைக்குப் போய், கழற்றி விற்கும் கடைகளில் தேடி, பழைய குழாய் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கிளட்ச் தட்டில் புது லைனிங் ஒட்டினோம். கடைசியாக டீசல் பம்பில் இருக்கும் ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருப்பினார்.

"டீசல் கூடுதலா எறங்கும். இழுவை வரும். கரும்புகையும் வரும், சூடும் ஏறும். ரொம்பத் திருப்புனா இஞ்சினே போயிரும். அதனால இவ்வளவுதான், பாத்துக்கிடுங்க."

அன்று மாலை மனைவியை ஏற்றிக்கொண்டு வல்லக்கோட்டை முருகனைப் பார்த்துவிட்டு வந்தேன். கொக்கியில் ஒன்றும் இல்லாத வண்டி, மிதித்தால் பறந்தது. "இத்தன நாளா மாட்டு வண்டியையா ஓட்டிகினு இருந்த?" என்றாள். கோயில் வாசலில் எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றும்போது அவள் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள். என்ன வேண்டிக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் வேண்டியது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் யார்டில் ஆட்கள் ஜெனரேட்டரைக் கொக்கியில் மாட்டினார்கள். வழக்கம்போல அதன் ஹேண்ட் பிரேக் கம்பியை நிமிர்த்தி, கட்டுக் கம்பியால் சுற்றி இறுக்கினார்கள். அது எங்கள் தொழிலில் உள்ள பழக்கம். கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: நின்ற ஜெனரேட்டரில் பிரேக் கம்பி மேலே நிற்கிறதா? இல்லையென்றால் உள்ளே விட மாட்டார். ஒவ்வொரு கேட்டிலும் இறங்கி ஏறச் சோம்பல்பட்டு, நிரந்தரமாகக் கட்டிவிடுவார்கள். பல வருஷமாக அதைப் பார்த்துப் பார்த்து, அது என் கண்ணிலேயே படாது.

மெக்கானிக்கும் கூட வந்தார். "நம்ம வேலைய நாமளே பாக்க வேணாமா?" என்று சொல்லிக்கொண்டார். ஆனால் மண்ணூரைத் தாண்டுவதற்குள்ளேயே அவர் பேச்சு நின்றுவிட்டது. சமதரையிலேயே இஞ்சின் சூட்டைக் காட்டும் முள் ஏறிக்கொண்டிருந்தது. ஏதோ கருகும் வாசனை வந்தது. "கிளட்சாண்ணே?" என்றார். "தெரியல" என்றேன். புது லைனிங்கும் போய்விட்டது என்று எனக்குத் தோன்றியது.

மேம்பாலத்தில் முதல் கியரில் ஏறினேன். போன தடவை நின்ற இடத்தைத் தாண்டினோம். கண்ணாடியில் பின்னால் ஒன்றும் தெரியாத அளவுக்குக் கரும்புகை. உச்சி கண்ணுக்குத் தெரிந்தது. அங்கே முள் சிவப்பைத் தொட்டது. வண்டி இருமுறை உதறி நின்றது.

மறுபடி ஹாரன்கள். எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. செய்யக் கூடியதையெல்லாம் செய்தாகிவிட்டது. இதற்கு மேல் இந்த வண்டியில் திருப்ப எந்த ஸ்க்ரூவும் இல்லை.

மெக்கானிக் கட்டைகளை எடுத்துக்கொண்டு, ஜெனரேட்டர் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கக் குனிந்தார். "ஆத்தீ!" என்று கையை உதறினார். "அண்ணே, இங்க வாங்க. வீலு கொதிக்குது!"

இறங்கி ஓடினேன். கருகும் வாசனை கிளட்சிலிருந்து வரவில்லை. இங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. யார்டில் கட்டிவிட்ட பிரேக் கம்பியை அவர் காட்டினார். "இது போட்டே கெடக்கேண்ணே?"

"எப்பவும் அப்டித்தான் கட்டுவாங்க."

"பழைய ஜெனரேட்டர்லயும் பிரேக்க போட்டுக்கிட்டா இழுத்தீக?"

"அதுல பிரேக் கேபிள எப்பவோ அறுத்துட்டாங்க. கம்பி சும்மா நிக்கும்."

சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. இது புதுசு. இதில் கேபிளை யாரும் அறுக்கவில்லை. கை பழக்கத்தில் கட்டிவிட்டார்கள். பாதி பிடித்த பிரேக்கோடுதான் அன்றைக்கும் இன்றைக்கும் இழுத்திருக்கிறேன்.

தெரிந்ததும் நிம்மதி வரவில்லை. எங்களை ஏறவிடாமல் பிடித்திருந்த அந்தப் பிரேக்தான் அந்த ஏற்றத்தில் எங்களைக் கீழே உருளவிடாமலும் பிடித்திருந்தது. அதை எடுத்தால் அவ்வளவு எடையும் என் வண்டியில் தொங்கும். கட்டை வழுக்கினால் பின்னால் பஸ். பஸ் நிறைய ஆள்.

நான் பஸ்ஸை நோக்கி நடந்தேன். அதே டிரைவராக இருக்கக் கூடாது என்று நினைத்தேன். அவரேதான்.

"மறுபடியும் நீயா? சாமி, உனுக்கு வேற பாலமே கெடைக்கலயா?"

"அண்ணே, பிரேக்க எடுக்கப் போறேன். உருண்டா உங்க மேலதான் வரும். ஆளுங்கள எறக்கி வுடுங்க. கொஞ்சம் கல்லு வைக்கவும் சொல்லுங்க."

அவ்வளவு நீளமாக ஒரு அந்நியரிடம் நான் பேசியது எனக்கே நினைவில்லை. அவர் ஜெனரேட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரிப்புப் போய்விட்டது. "டேய், எல்லாரும் எறங்குங்கடா! எறங்கி ஓரமா வாங்க!"

யூனிபார்ம் போட்ட பிள்ளைகள் கிடைத்த கல்லையெல்லாம் கொண்டுவந்து சக்கரங்களுக்குப் பின்னால் அடுக்கினார்கள். ரேடியேட்டர் ஆறும் வரை காத்திருந்தோம். மெக்கானிக் கட்டுக் கம்பியை அறுத்துவிட்டு, பிரேக் கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கிளட்சைப் பாதி விட்டு, வண்டி முன்னால் முண்டும் வரை மிதித்தேன்.

"இப்பண்ணே!"

பின்னால் இருந்த பாரம் ஒரு கணம் என்னைக் கீழே இழுத்தது. பிறகு வண்டி ஏறியது. சாதாரணமாக, ஒன்றுமே நடக்காதது போல ஏறியது. கல் உருளும் சத்தமும் விசிலும் கேட்டன. உச்சியைத் தாண்டியதும் ஜெனரேட்டர் முதுகைப் பிடித்துத் தள்ள ஆரம்பித்தது. இரண்டாவது கியரிலேயே, கால் பிரேக்கை விட்டு விட்டு அழுத்தி இறக்கினேன். கண்ணாடியில் மெக்கானிக் கையை ஆட்டிக்கொண்டே பின்னால் ஓடி வருவது தெரிந்தது. கீழே நிறுத்தி அவரை ஏற்றிக்கொண்டேன்.

கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி கம்பியைப் பார்த்தார். "மேல நிக்கலயே?"

இறங்கி நிமிர்த்தினேன். சரி என்று கையைக் காட்டினார். உள்ளே ஓட்டுவதற்காக அதைத் தாழ்த்தப் போனேன்.

"இன்னா எறக்குற? எறக்குனா நான் மறுபடி செக் பண்ணணும். உள்ள மேனேஜர் கத்திகினு இருக்காரு, சட்டுனு போ."

எடுத்துச் சொல்ல வாய் வரவில்லை. பேச்செல்லாம் பாலத்திலேயே தீர்ந்துபோயிருந்தது. கேட்டிலிருந்து ஷெட் வரைக்கும் பிரேக்கோடு இழுத்தேன். இஞ்சின் அலறியது, புகை கட்டடத்தை மூடியது. நாங்கள் அந்த வாரம் முழுக்கக் கூட்டிய பலத்தின் கடைசிச் சொட்டு வரை அங்கேதான் வேண்டியிருந்தது.

மண்ணூர்க்காரர் போன் செய்தார். "இழுத்துச்சா?"

"இழுத்துச்சு மொதலாளி. ஆனா பிரேக்கு புடிச்சிகினு வந்துது. புது மெஷின்ல கேபிள் அப்டியே கீது."

"அட, அவ்ளோதானா? யார்டுக்கு வந்ததும் அறுத்துட சொல்றேன்."

மேம்பாலம் ஞாபகம் வந்தது. கேபிள் இல்லாமல் அந்த ஏற்றத்தில் நின்றிருந்தால் பஸ் மேல்தான் உருண்டிருப்போம். முதுகில் இன்னும் அந்தத் தள்ளல் இருந்தது.

"வேணாம் மொதலாளி. அறுத்தீங்கன்னா நான் வரல."

டிராக்டர்க்காரருக்குக் கேபிள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான், கேட்காமலே இழுத்துவிடுவார் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன். எதிரே மெக்கானிக் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, திங்கக்கெழம வா" என்றார் மண்ணூர்க்காரர் கடைசியில். "கட்டாம வுட சொல்றேன். ஆனா ஒவ்வொரு கேட்லயும் நிறுத்தி, ஏத்தி, எறக்கி, அந்த செக்யூரிட்டிங்களாண்ட நீதான் பேசணும். ஒத்துக்கிறியா?"

ஒத்துக்கொண்டேன். வேலை கிடைத்துவிட்டது. மண்ணூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் எத்தனை கேட் என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன்.