யூரி அறைக் கதவு

நேற்று வீட்டுக் கதவுக்குச் சாம்பல் நிறப் பெயின்ற் அடித்தோம். மணம் மூக்கில் ஏறியதும் என் கை தன்பாட்டில் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டது. “கள்ளன் வாறானோ?” என்று மனைவி சிரித்தாள். அவளுக்கு அந்த மற்றக் கதவைத் தெரியாது.

சண்டைக் காலத்தில் துறைமுகப் பக்கத்து நீதிமன்றமொன்றில் நான் பியோன். அஞ்சாம் வகுப்போடு நின்றவன். முகம் பார்த்துக் கதைக்கக் கூச்சம். அதனாலோ என்னவோ, குற்றவாளியா இல்லையா என்று கூடி முடிவெடுக்கும் யூரிமார் ஏழு பேரின் அறைக்கு என்னையே காவல் வைப்பார்கள். முதலில் சத்தியம் செய்யவேண்டும்: அவர்களோடு எவரையும் கதைக்க விடேன், “முடிவெடுத்தாச்சோ” என்பதைத் தவிர நானும் கதையேன். “உனக்கெண்டே எழுதின சத்தியமடா,” என்பார் மன்றில் மொழிபெயர்க்கும் முதலியார்.

நீந்தி வந்து கப்பலைத் தாக்குவோரைத் தடுக்கக் கடற்படை தண்ணீருக்குள் வெடி போடும் சத்தத்துக்கு அப்போது யாரும் சோற்றிலிருந்து தலை தூக்குவதில்லை. அன்று கேட்டது வேறு. ஊருக்குள். அந்த வாரம்தான் சாம்பல் பெயின்ற் அடித்திருந்த யூரி அறைக் கதவு அதிர்ந்தது.

உள்ளே கதிரை விழுந்தது. “தம்பி, எங்க வெடிச்சது? பள்ளிக்கூடத்தடியோ? என்ர மகள் அங்க!” யூரிமாரில் ஒருவரான தபால் கந்தோர்க் கிளாக்கரின் குரல். “ஓம், இல்லை... ஒண்டைச் சொல்லுங்கோ!”

எனக்குத் தெரியாது. அதைச் சொன்னாலும் கதைத்ததுதானே.

விறாந்தையில் இருந்த ஈச்சிலம்பற்று மனிசி, கொலை வழக்கில் நின்ற பெடியனின் தாய், கிட்ட வந்தார். “வாயைத் திறந்திடாத ராசா. வழக்கு முதலில இருந்து எண்டால் என்ர பிள்ளை திரும்பவும் மறியற்சாலையில கிடக்கும்.”

உள்ளே கதவைக் குத்தத் தொடங்கினார்கள். விட்டுவிட்டு நீதிபதியிடம் ஓடவும் ஏலாது. தாழ்ப்பாளை இறுகப் பிடித்துக்கொண்டேன். முதலியார் ஓடிவந்தபோது, அவரோடு கதைக்கத் தடையில்லை என்பதையே மறந்து, கையால் கதவைக் காட்டினேன்.

நீதிபதி பொலிசாரிடம் விசாரித்து, யூரிமாரை மன்றுக்கு அழைத்து, எல்லோரும் கேட்கச் சொன்னார்: வெடித்தது சந்தையில், பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. கிளாக்கர் இருந்தபடியே அழுதார். சந்தையில் யாருக்கு என்ன என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

பின்னேரம் பெடியன் விடுதலையானான். தாய் என் கையை விடவேயில்லை. கிளாக்கரோ, பிறகொருநாள் பஸ் நிலையத்தில் கண்டு, “ஒரு சொல்லு, தம்பி. ஒரேயொரு சொல்லு,” என்றுவிட்டுப் போனார். 

இப்போது துறைமுகத்தில் வெடியில்லை. யூரி வைத்து விசாரிக்கும் வழக்கும் அரிது. கிளாக்கர் காலமாகிவிட்டார். போன மாதம் அந்தப் பழைய நீதிமன்றப் பக்கம் போனேன். யூரி அறைக்குள் உடைந்த கதிரைகள், கதவு கழன்று வெறும் நிலை. அதைப் பிடித்துக்கொண்டு, “எனக்கும் தெரியாது, ஐயா,” என்றேன்.